கொடுக்காத பாத்தி

தாவர ஹார்மோன் ஆராய்ச்சி நிலையத்தைக் குற்றாலத்தில் அமைத்ததற்கு ஆழ்ந்த அறிவியல் காரணம் ஒன்று உண்டு. மேலதிகாரிகள் ஆய்வுக்கு வருவது சீசனில் மட்டும்தான். அருவியில் தண்ணீர் விழாத மாதங்களில் அங்கே செடி வளருதா, கருகுதா என்று கேட்க நாதியில்லை.

அங்கே உதவி ஆராய்ச்சியாளர் ஆவுடையப்பன். தலை நரைத்தும் வேலை என்னவோ தற்காலிகம்தான். எண்பத்திமூணாம் வருஷம் மனுஷனுக்கு விடிவுகாலம் எட்டிப் பார்த்தது. வளர்ச்சி ஹார்மோனை உண்டாக்கும் ஜீன் பழுதான குட்டை நெல் ஒன்று அவரிடம் அகப்பட்டது. ஒரு பாத்திக்கு ஜிப்ரெலின் ஹார்மோன் தெளித்தார்; பக்கத்துப் பாத்திக்கு வெறும் தண்ணீர். தெளித்தது நெடுநெடுவென்று எழுந்தது. மற்றது முழங்காலைத் தாண்டவில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் காட்டினால் வேலை நிரந்தரம் என்று இயக்குநரே வாக்குக் கொடுத்திருந்தார்.

இயக்குநர் பஞ்சாபகேசன் முதலில் ஐந்தருவியை ஆய்வு செய்துவிட்டு, தலையில் எண்ணெய்ப் பிசுக்கும் தோளில் ஈரத்துண்டுமாக வந்து சேர்ந்தார். குட்டைப் பாத்தியைப் பார்த்ததும் முகம் சுருங்கிப் போயிற்று.

"இதுக்கு ஏன் ஹார்மோன் குடுக்கலை?"

"ஒப்பிட்டுப் பாக்கதுக்கு சார். இது கொடுக்காத பாத்தி."

"அரசாங்க நிலத்துல ஒண்ணு வாழணும், ஒண்ணு வாடணுமா? சட்டசபையில கேள்வி வந்தா நீரா பதில் சொல்வீர்?"

"சார், ரெண்டுக்கும் குடுத்தா..."

"குடும். ஆனா கொடுக்காத பாத்தியாவே பராமரியும்."

உத்தரவாயிற்றே! ஆவுடையப்பன் தெளித்தார். சீசன் முடியுமுன் இயக்குநர் மறுபடியும் குளிக்க வந்தபோது இரண்டு பாத்தியும் ஒரே உயரம்.

"வித்தியாசமே காணலையே! உம்ம ஹார்மோன் வேலை செய்யலை. இந்த மாசத்தோட நீர் வீட்டுக்குப் போகலாம்."

இதற்குள் வடகரை வரைக்கும் பேச்சுப் பரவிவிட்டது: அரசாங்கம் உயரத் தண்ணி காய்ச்சுதாம்! போலீஸ் ஆளெடுப்பில் உயரம் குறைந்து திரும்பிய பையன்களெல்லாம் டம்ளரும் கையுமாக நிலையத்து வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள்.

"ஏலே, இது பயிருக்குள்ளது. மனுசன் குடிச்சா ஒரு நூலு கூட வளராது. போங்கலே!" என்று தொண்டை வற்றக் கத்தினார் ஆவுடையப்பன். யார் கேட்டது?

கூட்டத்தைக் கண்ட பஞ்சாபகேசனுக்கு மூளை மின்னியது.

"பயிர்ல முடியலைன்னா பொதுமக்கள்ல நிரூபியும். எல்லாருக்கும் குடும். ஒருத்தனுக்கு மட்டும் குடுக்காதீர். அவன் குட்டையா நின்னாப் போதும், உம்ம வேலை நிரந்தரம்."

ஆவுடையப்பன் வாசலுக்கு ஓடினார். "யய்யா, ஒரே ஒருத்தன் குடிக்காம நில்லுங்க. என் சோறு அதுலதான் இருக்கு."

வரிசையில் ஒருத்தனும் அசையவில்லை. முன்னால் நின்ற சொரிமுத்து மட்டும், "அண்ணாச்சி, ஒங்க மவனும் பின்னால நிக்கானே, அவன நிறுத்துங்களேன்" என்றான்.

நின்றான்தான். மாடக்கண்ணு. அரை அங்குலத்தில் போலீஸ் வேலையைத் தவறவிட்டவன். பக்கத்திலேயே அம்மா ரெங்கம்மாள்.

"ஊரான் பிள்ளையெல்லாம் வளரும், எம்பிள்ளை மட்டும் குட்டையா நிக்கணுமாக்கும்?" என்றாள் அவள்.

குடித்தால் ஒன்றும் ஆகாது என்று அந்தக் கூட்டத்திலேயே அறிந்தவர் ஆவுடையப்பன் ஒருத்தர்தான். மகனை நிறுத்தினால் நஷ்டமில்லை. தன் வேலையும் நிலைக்கும். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. குப்பியைத் திறந்து, வரிசையில் எல்லாருக்கும் மும்மூன்று சொட்டு விட்டுக்கொண்டே வந்தார்.

மாடக்கண்ணு டம்ளரில் மட்டும் ஐந்து விட்டார்.