கலீமுல்லா வீட்டுப் பள்ளம்

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே எங்கள் ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள்.

2008-ல் நகராட்சி தன் எல்லையை நீட்டியது. புது எல்லைக்கோடு, லாரிக்காரர் கலீமுல்லா வீட்டு வாசல் பள்ளத்தின் நட்டநடுவே போனது. இந்தப் பாதி நகராட்சி, அந்தப் பாதி ஊராட்சி. கூடவே ஒரு சுற்றறிக்கை: எல்லைக்குள் எத்தனை வண்டி நிற்கிறதோ அதன்படி சாலை வரியில் பங்கு. கணக்கெடுப்பு வெள்ளிக்கிழமை. அன்றைக்குத் தோல் பதனிடும் டேனரிகளுக்கு ஜும்மா லீவு, லாரியெல்லாம் வீட்டோடு நிற்குமே.

வியாழன் சாயந்திரம் கலீமுல்லாவின் ஒரே லாரி அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தது. முன்சக்கரம் நகராட்சியில், பின்சக்கரம் ஊராட்சியில். சனிக்கிழமை காலை தோல் ஏற்றப் போகாவிட்டால் டேனரிக்காரர் வேறு லாரி பிடித்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை இரண்டு ஆபீஸும் வந்தன.

"இன்ஜின் எங்க பக்கம். இன்ஜின் எங்கியோ அங்கதான் வண்டி" என்றார் நகராட்சி இன்பசேகரன்.

"தள்றது பின்சக்கரம் சார். முன்னது சும்மா கூட வருது" என்றார் ஊராட்சி கிளார்க் டைட்டஸ்.

"யாருதா வேணா இருக்கட்டும் சார், மொதல்ல மேல தூக்கி வுடுங்க" என்றார் கலீமுல்லா.

"தூக்கினா எந்தப் பக்கம் போவும்?" என்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள்.

மனுஷன் யோசிக்காமல் உண்மையைச் சொன்னார்: "ராணிப்பேட்டைக்கு."

அதோடு தீர்ந்தது. ராணிப்பேட்டை மூன்றாவது எல்லை. 'மேற்படி வாகனம் மேற்படி பள்ளத்தில் மேற்படி நிலையிலேயே பராமரிக்கப்பட வேண்டும்' என்று இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு லாரி என்று எழுதிக்கொண்டார்கள். பராமரிப்பும் உடனே ஆரம்பம். ஜும்மா தொழுகை முடிவதற்குள் முன்பக்கம் நகராட்சி தெருவிளக்கு, பின்பக்கம் ஊராட்சி தண்ணீர்க் குழாய். பத்து வருஷம் மனுப் போட்டும் வராதவை.

தெரு பார்த்துக்கொண்டே இருந்தது. பொழுது சாய்வதற்குள் பதினெட்டு வாசலில் பதினெட்டு புதுப் பள்ளம். முனவ்வர் பேகம் வீட்டுப் பள்ளத்துக்குப் படி வேறு வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் கலீமுல்லா வீடுவீடாக வந்தார். "ஒரு கயிறு, இருவது ஆளு. பத்து நிமிஷ வேல, பெரியவரே." யாரும் மறுக்கவில்லை. மொத்த ஊரும் லாரியைச் சுற்றிக் கயிறு பிடித்தோம். மூச்சைப் பிடித்து இழுத்தோம், அவரவர் வீட்டுப் பள்ளத்தின் பக்கமாக.

லாரி அசையவில்லை. பள்ளம்தான் ஒரு முழம் ஆழமானது. எட்டு மணிக்கு டேனரிக்காரர் அனுப்பிய வேறு லாரி, எங்களைத் தாண்டி ராணிப்பேட்டை போனது. கலீமுல்லா அதைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம், நல்ல வண்டி, என் பள்ளத்துக்கு அளவாக இருந்திருக்கும்.