சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவில் ஒரு தேநீர்க்கடை

மனோர் பார்க்கில் சொந்தமாக வெளியுறவுக் கொள்கை வைத்திருந்த ஒரே தேநீர்க்கடை கடாரத்தாருடையதுதான். லண்டனிலேயே வேறு இருக்காது என்று எழுத வந்தேன், உலகத்திலேயே இருக்காது. தேநீர் இழுத்து ஊற்ற இரண்டு தகரக் குவளை, ரொட்டி போட ஒரு கல், ஆடும் மேசைகள் சில. இந்தப் படைபலத்தை வைத்துக்கொண்டு அந்த மனிதர் இரண்டு பேரரசுகளை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

அவர் மலேசியத் தமிழர், கெடாவில் பிறந்தவர். கெடாவைத்தான் சோழர் கல்வெட்டு கடாரம் என்கிறது என்று வந்தவன் போனவனுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, சொந்தப் பெயரை இழந்து கடாரத்தார் ஆனார். சட்டம் படிக்க லண்டன் வந்தவர், நூலகத்தில் தவறான அலுமாரிப் பக்கம் திரும்பி, தென்கிழக்காசியாவின் பழைய ராஜ்யங்களுக்குள் விழுந்துவிட்டார். பிறகு எழும்பவே இல்லை. சட்டம் போய்விட்டது. பசி மட்டும் மிஞ்சியதால் கடை திறந்தார்.

கடைக்கு மேலிருந்த அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அப்போது நான் ஓரிடத்தில் தரிக்காத ஆள். வேலை மாறுவேன், அறை மாறுவேன், மழை பெய்தால் மனமும் மாறுவேன். ரயில் சத்தம் கேட்டால் எங்கேயோ எனக்காக ஒரு வாழ்க்கை புறப்படுகிறது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கடாரத்தார் என்னைப் பார்த்து, "நீ துறைமுகம் இல்லாத கப்பல்டா தம்பி" என்பார். சொல்லிவிட்டு ஒரு தேநீரை முன்னால் தள்ளுவார். கப்பல் அன்று புறப்படாது.

கடைக்கு இடப்பக்கம் ஒரு பெரிய காய்கறிக்கடை, வலப்பக்கம் ஒரு பெரிய மீன்கடை. இரண்டு முதலாளிகளும் யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர். ஏதோ ஒரு கோயில் திருவிழாவில் யாருடைய ஊர் ஒலிபெருக்கி சத்தம் கூட என்பதில் தொடங்கிய பகை, கடல் தாண்டி, விசா எடுத்து, எங்கள் கடை இருந்த சேர்ச் வீதியில் குடியேறியிருந்தது. ஒருவர் வாசலுக்கு வந்தால் மற்றவர் உள்ளே போய்விடுவார். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு ஆசை: நடுவிலிருக்கும் கடாரத்தாரின் கடை தனக்கு வேண்டும்.

கடாரத்தார் காய்கறிக்காரருக்குச் சயாம் என்றும் மீன்காரருக்குப் பர்மா என்றும் பெயர் வைத்தார்.

"அதென்ன அண்ணை, சயாமும் பர்மாவும்?"

"எங்க கெடா சின்ன ராஜ்யம் லா. ஒரு பக்கம் சயாம், அதான் இப்போ தாய்லாந்து, உறுமும், இன்னொரு பக்கம் பர்மா உறுமும். சண்டை போட முடியுமா? அதனால தங்கத்தில இலை, தங்கத்தில பூ வச்சு ஒரு மரம் செஞ்சு அனுப்புவாங்க. வாங்கினவன் கப்பம்னு நினைச்சுக்குவான். அனுப்பினவன், ஏதோ பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பரிசுன்னு நினைச்சுக்குவான்."

"உண்மையில் எது?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதைக் கேக்கவே கூடாது. யாரும் கேக்காத வரைக்கும்தான் ராஜ்யம்."

"ஆருக்கு அனுப்பினவை? சயாமுக்கோ, பர்மாவுக்கோ?"

"சமயத்தில ரெண்டு பேருக்கும்தான்" என்றார், கண்ணைச் சிமிட்டாமல்.

மார்கழி முழுவதும் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தங்கத்தாள் சுற்றிய சொக்கிலேட் கிடைக்கும். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கரண்டியின் முதுகால் அந்தத் தாளைத் தேய்த்துத் தேய்த்து, சுருக்கமே இல்லாத இலைகளாக வெட்டி, செம்புக் கம்பியில் கட்டுவார். தைப்பொங்கலன்று இரண்டு பொன்மரங்கள் தயாராகும். ஒன்றுபோல் மற்றொன்று. இலைக்கு இலை, பூவுக்குப் பூ. ஒன்றில் ஒரு இலை கூடிவிட்டால் போர் வரும் என்பார்.

தூதர் நான். தலைக்கு மேல் மஞ்சள் குடை கட்டாயம். தைமாத லண்டன் காற்றில் ஒரு கையில் குடை, மறு கையில் பொன்மரம். குடை பறக்கத் துடிக்கும், மரம் நடுங்கும். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் சனம் கைப்பேசியைத் தூக்கும். இத்தனை பாடும் பக்கத்துக் கடைக்குப் போக! சயாமுக்கு முன்வாசல் வழியாக, காலையில். பர்மாவுக்குப் பின்சந்து வழியாக, மத்தியானம். ஒருவர் பெற்றது மற்றவருக்குத் தெரியக்கூடாது.

சயாம் மரத்தை முருகன் படத்துக்கும் லொத்தர் இயந்திரத்துக்கும் நடுவில் வைத்தார். "அந்தாள் எங்கட பக்கம்தான்" என்று மனைவியிடம் சொன்னார். பர்மா அதை மீன் வெட்டும் இடத்துக்கு மேலே வைத்தார். "அந்தாள் எங்கட பக்கம்தான்" என்று அவரும் சொன்னார். தன்னிடம் பணிந்த ஆளை யாரும் அவசரமாகத் துரத்துவதில்லை. கடை பிழைத்தது.

ஒருமுறை சயாம் ரொட்டி தின்றுகொண்டே சீண்டினார். "எங்கட சோழன் கப்பல்ல வந்து உங்கட கடாரத்தை அடிச்சு நொறுக்கினவன், தெரியுமோ?"

"தெரியும் அண்ணே. கோட்டைக் கதவைக்கூடக் கழட்டிக்கிட்டுப் போனாரு. எனக்கு ரெண்டு பக்கமும் வலிக்குது. அடிச்சதும் என் ஆளு, அடி வாங்கினதும் என் ஊரு. இன்னொரு ரொட்டி வைக்கவா?"

கடையின் பின்மூலையில் ஒரு மேசை இருந்தது. சயாமின் மகனும் பர்மாவின் மகளும் அங்கேதான் சந்தித்துக்கொண்டார்கள். இரு வீட்டாரின் பார்வையும் எட்டாத ஒரே மண் அது. கடாரத்தார் அந்த மேசையை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார். நடைபாதையில் எந்தத் தகப்பனின் தலை தெரிந்தாலும் "கடல் கொந்தளிக்குது!" என்று கத்துவார். அந்தப் பெண்பிள்ளை பாய்ந்து சமையலறைக்குள் போய்க் குழம்பைக் கிண்டும். பையன் மேசையில் தனியாக இருந்து இரண்டு பேரின் தேநீரைக் குடிப்பான். "தாங்க்யூ அங்கிள்" என்று இருவரும் கிசுகிசுக்கும்போது கடாரத்தாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். எந்தப் பேரரசரும் அவருக்கு அப்படி ஒரு பட்டம் கொடுத்ததில்லை.

பிள்ளைகள் ஒருநாள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். இரண்டு வீட்டிலும் கதவுகள் அறைந்து சாத்தப்பட்டன, பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். பிறகு யாரும் நினைக்காத ஒன்று நடந்தது. தகப்பன்மார் சம்மதித்துவிட்டார்கள்! வீதியே இனிப்பு தின்றது. கடாரத்தார் ஒருவர்தான் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தாத்தான் நடுவில இருக்கிறவனுக்கு மூச்சு தம்பி. சயாமும் பர்மாவும் சம்பந்தி ஆயிட்டா கெடா எதுக்கு?"

"அந்த மூலை மேசையைக் குடுத்ததே நீங்கள்தானே அண்ணை?"

"ஆமா லா" என்றார். "எந்த மடையன் ராஜாவும் இப்படிச் செஞ்சிருக்க மாட்டான்."

அந்த வசந்தத்தில்தான் கடையின் லீஸ் முடிந்தது. கட்டடச் சொந்தக்காரரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எங்கேயோ கடலோரத்தில் இருந்தார். கடாரத்தார் அவரைச் சீனப் பேரரசர் என்பார். பண்டைய மலாக்கா சீனாவுக்குத் தூது அனுப்பி, "சயாமே, அந்தச் சின்ன ஊரைத் தொடாதே" என்று ஒரு சொல் வாங்கி வந்ததைச் சொல்லிச் சொல்லி, அவருக்கு வருடாவருடம் மசாலாத்தூள் அனுப்பி வந்தார். இந்த முறை லீஸை நீட்டித் தரும்படி தொலைபேசியில் கெஞ்சினார். மூன்று கடைக்காரரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்று பதில் வந்தது. கடாரத்தார் போனை மெல்ல வைத்தார். "பேரரசர் கை கழுவிட்டாரு."

ஒரு ஞாயிறு காலை. வெளியே கரும்பலகை நிற மழை. வாசல் மணி கிலுங்கியது. சயாமும் பர்மாவும் சேர்ந்து உள்ளே வந்தார்கள். அவர்கள் ஒரே கூரையின் கீழ் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். சயாமின் கையில் அளவு நாடா. பின்மூலையில் பிள்ளைகள் இரண்டும் எழுந்து நின்றன. இன்று ஒளிய வேண்டியதில்லை என்பது அந்தக் கால்களுக்கு இன்னும் பழகவில்லை.

"கடாரத்தார், குறை நினையாதையும். ரெண்டு சுவரையும் உடைச்சு ஒரே கடையா ஆக்கப் போறம்" என்றார் சயாம்.

"அவர் குறை நினைக்க மாட்டார். எங்கட ஆள்தானே. பொங்கலுக்குப் பொங்கல் தங்கப் பூமரம் அனுப்பிறவர்" என்றார் பர்மா.

நாடா பாதி இழுத்தபடி நின்றது. "என்ன மரம்?"

"மீன் வெட்டிற இடத்துக்கு மேல வச்சிருக்கிறன். மஞ்சள் குடையோட இந்தத் தம்பிதான் கொண்டு வாறவர்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எந்த நாட்டுத் தூதர் என்பது எனக்கே மறந்துபோனது.

"எனக்கும் எல்லோ வாறது!" என்றார் சயாம். குரல் ஏறியது. "இஞ்ச பாரும், நேர சொல்லும். நீர் ஆரின்ர ஆள்?"

கடாரத்தார் தேநீர் இழுத்துக்கொண்டிருந்தார். மேல் குவளைக்கும் கீழ்க் குவளைக்கும் நடுவில் பழுப்பு நூல் அறுபடாமல் நீண்டது. கோபம் வேறு பக்கம் திரும்பியது.

"அது கிடக்கட்டும். நடுவில ஆரின்ர பேர் போட்ட போர்ட் வாறது?" என்றார் பர்மா.

"என்ன கேள்வி? மாப்பிள்ளை வீடு நாங்கள். எங்கட பேர்தான்."

"ஓ, அப்பிடியோ? ஒலிபெருக்கிக் காலத்துத் திமிர் இன்னும் போகேல்லை!"

"ஆருக்குத் திமிர்? போர்ட் இல்லையெண்டால் கலியாணமும் இல்லை!"

"இல்லாட்டிப் போகட்டும்!"

மூலையில் ஒரு கரண்டி விழுந்தது. அந்தப் பெண்பிள்ளை அதைக் குனிந்து எடுக்கவில்லை.

நான் கடாரத்தாரைப் பார்த்தேன். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு தேநீர் இழுத்தால் போதும். கலியாணம் உடையும், சுவர் நிற்கும், கடை பிழைக்கும். படித்த வரலாறு முழுக்க அவரிடம் சும்மா இரு என்றுதான் சொல்லியிருக்கும். மழை கண்ணாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கண் மூலை மேசைக்குப் போனது. தேநீர் நூல் அறுந்தது. சூடு கையில் பட்டும் அவர் உதறவில்லை.

"அண்ணே, ரெண்டு பேரும் உட்காருங்க."

அந்தக் குரலை நான் கேட்டதில்லை. இரண்டு பேரரசுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தன.

"பயந்துதான் அனுப்பினேன். ரெண்டு பேருக்கும் பயந்தேன். கப்பம்தான் அது. ஆனா ஒவ்வொரு இலையும் தேய்க்கும்போது ஆசையாத்தான் தேய்ச்சேன். அதனால பரிசும்தான். கேட்டுட்டீங்க, சொல்லிட்டேன். இனிமே என்கிட்ட ஒண்ணும் இல்லை. கடையை எடுத்துக்குங்க, பிள்ளைங்களை விட்டுடுங்க."

சயாம் நாடாவைச் சுருட்டினார், மறுபடி இழுத்தார், மறுபடி சுருட்டினார்.

கடாரத்தாருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. துக்கத்திலும் வரலாறு வந்துவிடும். "ஸ்ரீவிஜயம்னு ஒரு ராஜ்யம். அதுக்குப் பெருமை வயலும் இல்லை, சுரங்கமும் இல்லை. ரெண்டு கடலுக்கு நடுவில நீரிணையில உட்கார்ந்திருந்துச்சு. போற கப்பல் எல்லாம் அங்க நின்னுதான் போவும்..." என்று தொடங்கியவர் நடுவில் நின்றார். இடது சுவரைப் பார்த்தார். வலது சுவரைப் பார்த்தார். "சுவரை உடைக்காதீங்க அண்ணே. ஆளுக்கொரு கதவு வைங்க. முருங்கைக்காய் வாங்கின சனம் மீன் வாங்க என் கடை வழியாப் போகட்டும். நடுவில உங்க ரெண்டு பேர் பேரும் வேணாம். என் பழைய போர்டே கிடக்கட்டும்."

பர்மா வெளியே பார்த்தார். நடைபாதையில் ஒரு பெண் இரண்டு பைகளோடு நனைந்துகொண்டு ஓடினாள்.

"சனம் மழைக்குள்ள இறங்கத் தேவையில்லை" என்றார் மெல்ல.

"ஓம். ட்ரொலியோடயே வரலாம்" என்றார் சயாம், சம்பந்தியைப் பார்க்காமல்.

"ஆரின்ர கதவு முதல் திறக்கிறது?"

"ரெண்டும் ஒரே நேரத்தில!" என்று கத்தினார் கடாரத்தார்.

அப்படியே நடந்தது. இரண்டு தச்சர்கள், இரண்டு பக்கம், ஒரே மணியடிக்கு. கதவுகள் திறந்தபோது காற்று குறுக்கே பாய்ந்து மூலை மேசையின் விரிப்பைத் தூக்கியது. அன்றிலிருந்து அந்த நீரிணையைத் தேநீர் குடிக்காமல் கடந்தவர் இல்லை. கடக்க அவர் விட்டதில்லை. "அன்னைக்குக் கதவைக் கழட்டிக்கிட்டுப் போனாங்க தம்பி. இன்னைக்கு நானே ரெண்டு கதவு வச்சுட்டேன்" என்று சிரித்தார். கலியாணத்துக்கு ஒரு பொன்மரம் போனது. ஒன்றே ஒன்று.

நான் பிறகு லண்டனின் தெற்கே நோர்பரிக்கு வந்துவிட்டேன். கப்பல் அல்லவா.

இந்தத் தைப்பொங்கலுக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக, கரண்டியின் முதுகால் தங்கத்தாளைத் தேய்த்தேன். இலைகள் கோணல், பூக்கள் அதைவிடக் கோணல். மஞ்சள் குடையோடு மூன்று ரயில் மாறி மனோர் பார்க் போய், மரத்தைக் கடாரத்தாரின் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். கேட்கவே கூடாது என்று சொன்ன மனிதர் கேட்டார். "இது என்னடா, பரிசா, கப்பமா?"

"கப்பம்தான், அண்ணை."