கப்பலேறிய ரசீதுகள்

அடுத்தவர் காகிதங்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறவன் தன் காகிதங்களையும் அப்படியே வைத்திருப்பான் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் எனக்கு வேலையே காகிதம்தான். ஒரு கப்பல் நிலக்கரிக்குத் தேவையான அத்தனை பேப்பரையும் ஒரே மூச்சில் தயாரித்துவிடுவேன். (அந்தத் திமிர்தான் வினை.)

வருமான வரிக் கணக்கைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டது நான். ஓடி ஓடிக் காகிதம் சேர்த்தது என் மனைவி செல்வி. இன்சூரன்ஸ் ரசீது கல்யாண ஆல்பத்துக்குள் கிடைத்தது. மகளின் பள்ளிக் கட்டண ரசீது பிரிட்ஜுக்கு அடியில். வீட்டுக்கடன் சான்றிதழுக்கு மட்டும் பேங்குக்கு நாலு நடை.

"இதைத் தொலைச்சிட்டு வந்தியன்னா, அப்புறம் வீட்டுப் பக்கமே வராதிய" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

ஆடிட்டரிடம் கொடுக்கும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று, கப்பல் கேப்டன்களுக்குப் பேப்பர் அனுப்பும் நீலப் பை ஒன்றில் போட்டு ஆபீஸ் மேசையில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மேசை காலி. கப்பலுக்குப் பேப்பர் கொண்டுபோகும் அந்தோணி, இருந்த நீலப் பைகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான். கப்பல் இன்னும் சற்று நேரத்தில் கொழும்புக்குக் கிளம்புகிறது. (மானம் மட்டும்தான் கப்பலேறும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.)

போன் போட்டேன்.

"ஏலே அந்தோணி, அதுல ஒரு பை என் வீட்டுப் பேப்பர்லே!"

"அப்படியா அண்ணாச்சி? கேப்டன் அப்பவே கேட்டாரு, இதெல்லாம் என்னன்னு. புது ரூல்னு சொல்லிட்டேன். இப்ப ஒவ்வொண்ணா கையெழுத்துப் போட்டு சீல் குத்திக்கிட்டு இருக்காரு."

"பிடுங்குலே!"

"கேப்டன் கையில இருந்தா?"

ஸ்கூட்டரில் துறைமுக வாசலுக்குப் பறந்தேன். அங்கே என் பாஸ் காலாவதி. (ஆபீசில் எல்லாருக்கும் பாஸ் புதுப்பித்துக் கொடுப்பதும் நான்தான்.) காவலாளி அசையவில்லை. மாதாவுக்கு மெழுகுவர்த்தி, திருச்செந்தூர் முருகனுக்கு மொட்டை என்று மாறி மாறி நேர்ந்துகொண்டு வெயிலில் நின்றேன். உள்ளே கப்பல் ஊதியது.

அப்போதுதான் பைக்கில் அந்தோணி வந்தான், ஒரு கையில் நீலப் பையை ஆட்டிக்கொண்டே.

"ஏணியத் தூக்குததுக்குள்ள குதிச்சு வந்துட்டேன். கேப்டன் எல்லாப் பேப்பர்லயும் தனக்கு ஒரு காப்பி கேட்டாரு அண்ணாச்சி. போட்டோ எடுத்துக்கிடுங்கன்னுட்டேன்."

எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. அவனைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டேன்.

ஆடிட்டரம்மா ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு வட்ட சீல், நடுவில் நங்கூரம்.

"சார், உங்க பொண்ணு படிக்கிறதுக்குக் கேப்டன் எதுக்கு சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காரு?"

சொன்னேன். அவர் சிரித்து முடிக்கவே கால்மணி நேரம் ஆனது. ஆனாலும் சாயங்காலத்துக்குள் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டார். நானும் தைரியமாக வீட்டுக்குப் போனேன்.

செல்வியிடம் மறைக்கத்தான் நினைத்தேன். நங்கூரத்தை எங்கே மறைப்பது?

போன வாரம் மகள் ரேங்க் கார்டை நீட்டினாள். பேனாவைத் தேடி எடுத்தேன். அவள் என்னையும் அம்மாவையும் பார்த்துவிட்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, கையெழுத்து மட்டும் போதும். சீல் வேண்டாம்."