கார்பன் வரியும் மாலை போட்ட என் படமும்

மேடையில் நான் சொல்லும் எதையும் நம்பாதீர்கள். ஒருமுறை நானே நம்பிக் கெட்டுப்போனேன்.

போர்ட் பிளேரில் பொங்கல் விழா. புகை விடுகிறவர்களிடம் கார்பன் வரி வாங்கலாமா, கூடாதா என்று பட்டிமன்றம். (பொங்கலுக்கும் கார்பனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். முந்தைய ஆண்டு மாமியாரா, மருமகளா என்று வைத்ததில் இரண்டு வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.) வாங்கலாம் என்ற அணிக்கு நான் தலைவன். ஹேடோ துறைமுகத்தில் பகலெல்லாம் சரக்குச் சீட்டு எழுதிவிட்டு, மாலையில் கடலைப் பார்த்துக் கவிதை எழுதிக்கொண்டிருந்த காலம். கடல் ஒருநாளும் பதில் எழுதியதில்லை. பத்து நாளில் திருச்சியில் எனக்கு நிச்சயதார்த்தம்.

எதிரணித் தலைவர் ஜங்லிகாட்டில் மளிகைக் கடை வைத்திருந்த பாய். இங்கே வெங்காயத்திலிருந்து தீப்பெட்டி வரை எல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிறது, கப்பலின் புகைக்கு வரி போட்டால் அது நேராகச் சாம்பாரில்தான் வந்து விழும், எங்கோ ஆலை நடத்துகிறவனுக்காக இங்கே பத்துபஸ்தியில் குழம்பு வைக்கிறவள் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டார். நல்ல கேள்வி. இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை. அன்று என்னிடம் குரல் இருந்தது.

"புகை விடுறவன் ஒருத்தன், இருமுறவன் இன்னொருத்தனா? விட்டவன் கட்டட்டும்" என்றேன். கைதட்டல். அலைகள் நம் வாசற்படிகளை எண்ணிக்கொண்டிருக்கின்றன என்றேன். நிலவு கூட இருமுகிறது என்றேன். முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது.

பாய் நிதானமாக மைக்கை வாங்கினார். "அரே தம்பி, பாத் தோ டீக் ஹை. பேசுறது சரிதான். நிச்சயத்துக்கு நீங்க பிளேன்லதானே போறீங்க? அந்தப் புகைக்கு யாருகிட்ட வரி கட்டுவீங்க?"

அரங்கம் சிரித்தது. புத்தியுள்ளவன் கூடவே சிரித்திருப்பான். நான் மார்பில் கை வைத்து, விமானத்தைத் துறந்தேன், கப்பலில்தான் போவேன் என்று சபதம் செய்தேன். (கப்பலும் டீசலில்தான் ஓடுகிறது என்பது வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் ஞாபகம் வந்தது.) தீர்ப்பு எங்கள் பக்கம்.

அப்பாவும் அம்மாவும் விமானத்திலேயே கிளம்பினார்கள். நல்ல நேரத்துக்குள் வந்துவிடுவாயா என்று அம்மா கேட்டார். மூன்று நாள் பயணம், ஒரு நாள் கையிருப்பு என்றேன்.

கடல் சரியில்லை என்று கப்பல் ஒரு நாள் தாமதமாகக் கிளம்பியதில் அந்தக் கையிருப்பு போனது. புகைபோக்கியிலிருந்து கறுப்பாக, அடர்த்தியாக, என் வாதத்துக்கு முளைத்த வால்போலப் புகை நீண்டுகொண்டே வந்தது. மூன்று நாளும் மேல்தளத்தில் அதன் கீழே நின்று இருமினேன். நடுக்கடலில் போனுக்கு உயிர் கிடையாது. நிச்சயதார்த்தத்தன்று துறைமுகத்தில் இடமில்லை என்று சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டார்கள். கரை ஒரு கோடாகத் தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்த்துத் தலைவாரிக்கொண்டேன்.

திருச்சியில் நடந்தது இது. தாம்பூலம் மாற்றுவது பெரியவர்கள் வேலை. அதற்கு நான் தேவையில்லை. எனக்கு வாங்கிய ரோஜா மாலைதான் மிஞ்சியது. வீணாக வேண்டாமே என்று பெண்ணின் சித்தப்பா, ஜாதகத்தோடு வந்த என் போட்டோவை அவசரமாகப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, நாற்காலியில் வைத்து, மாலையைச் சாத்தினார். மங்கலமாக இருக்கட்டும் என்று முன்னால் ஒரு விளக்கையும் ஏற்றினார். தாமதமாக வந்த பெண்ணின் அத்தை வாசலிலேயே மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். யாரோ ஒரு புண்ணியவான் இதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் விட, நான் கடக்க முடியாமல் தவித்த கடலை அது ஒரு நொடியில், புகையில்லாமல் கடந்து போர்ட் பிளேர் சேர்ந்தது.

மறுநாள் கரையை நெருங்கியபோது போன் உயிர்த்தது. என் மறைவுக்கான இரங்கல்களை வரிசையாகப் படித்தேன். பாய் எழுதியிருந்தார்: "நல்ல மனுஷன். வாதம் மட்டும்தான் தப்பு." (அப்போதும் விடவில்லை.)

பஸ் பிடித்துத் திருச்சியில் பெண் வீடு போய்ச் சேர்ந்தேன். அத்தை என்னைப் பார்த்து இன்னொருமுறை அலறினார். பெண்ணின் அப்பா, இது அபசகுனம், இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்ற முடிவோடு வாசலை மறித்து நின்றார். என் அம்மா என் முகத்தையே பார்க்கவில்லை. அப்போது எனக்கு நிச்சயமான மங்கை வெளியே வந்தாள்.

"விட்டவன்தான் கட்டணும்னு மேடையில சொன்னீங்களாமே?"

"ஆமா."

"நேத்துலேருந்து ஊரே எங்கிட்ட துக்கம் விசாரிக்குது. புகை விட்டது நீங்க. இருமுனது நான்."

"கட்டிடுறேன்" என்றேன்.

"என்ன வரி, எத்தன நாளைக்குன்னு நான்தான் சொல்லுவேன்" என்றவள் அப்பாவிடம் திரும்பினாள். "போனவரே திரும்பி வந்து நிக்கிறாரு. இதவிட நல்ல சகுனம் எங்கப்பா கிடைக்கும்?"

அவர் யோசித்தார். பிறகு வாசலிலிருந்து விலகினார்.

வரி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்துபஸ்தியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் தொங்குகிறது. ரோஜா வாடியதும் சந்தன மாலை போட்டாள். கழற்ற எனக்கு அனுமதி இல்லை. தலைக்கு மேலே விமானம் இறங்கும்போதெல்லாம் கண்ணாடி நடுங்குகிறது. முதன்முறை வருகிறவர்கள் படத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எப்படி ஆச்சு என்று மங்கையிடம் மெல்லக் கேட்பார்கள்.

"பட்டிமன்றத்துல" என்பாள் அவள்.

அந்த நேரம் பார்த்து நான் டீ கொண்டுபோய் வைக்க வேண்டும்.