இதயத்துக்குள் போட்ட வரம்பு

முருங்கன்,
மாசி மூன்று.

மைத்துனர் தனஞ்சயன் அவர்களுக்கு,

உமது அத்தான் சிவராசா எழுதுவது. அடுத்த ஒழுங்கையில் இருக்கிற உமக்கு முத்திரை ஒட்டி எழுதுவதைப் பார்த்துத் தபால்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். பதினொரு வருஷம் பேசாத ஆளிடம் வாயால் தொடங்க எனக்கு வராது.

என் இதயம் தாளம் தப்பி அடிக்கிறது. போன மாதம் கொழும்பில் அதற்கு வைத்தியம் செய்தார்கள். புறப்படும்போது உமது அக்கா கனகம்மா திருக்கேதீஸ்வரத்து விபூதியை நெஞ்சு நிறையப் பூசிவிட்டாள். அதனால் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒட்டிய வயர்கள் கழன்று விழ, இதயம் நின்றுவிட்டதென்று மெசின் கத்த, தாதி ஓடி வர, நான் எழும்பி இருந்து “நான் இருக்கிறன் பிள்ளை, பயப்படாதைங்கோ” என்று அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று. பிறகு அவசரத்துக்கு அறிவிக்க ஓர் ஆளின் பெயர் கேட்டார்கள். மகள் ஹம்சிகா கனடாவில். நான் யோசிக்க முதல் கனகம்மா உமது பெயரைச் சொல்லி, போன் நம்பரையும் மனப்பாடமாக ஒப்புவித்தாள். என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உம்மோடு பேசாமல் இருப்பவளுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மெசின் மறுபடி கத்தும்.

தொடையடி இரத்த நாளத்தால் ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை விட்டார்கள். அதன் நுனியில் ஸ்கான் கருவி. வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற அதே ஸ்கான்தானாம். இது உள்ளே போய்ப் பார்க்கிறது. பிழையான துடிப்புப் பரவாமல் தசையைக் கோடாகச் சுடுகிறார்கள். சுட்ட இடம் இறுகிவிடும், சுடாத இடம் நெகிழும், அதைத் திரையில் பார்த்துப் பார்த்து அடுத்த சூடு. அரை மயக்கத்தில் கிடந்த எனக்கு அது வயல் வரம்பாகவே தெரிந்தது. ஓரிடத்தில் வரம்பைக் காணவில்லை.

“டொக்டர், மூலையிலை உடைப்பு இருக்கு. பாயப் போகுது.”

டொக்டர் அஸ்மி சிரித்தார். பிறகு திரையைக் கிட்டப் பார்த்தார்.

“ஓம் ஐயா, இருக்குத்தான். அதுக்குப் பின்னாலை சாப்பாட்டுக் குழாய் போகுது. இன்னும் சுட்டால் அதுவும் ஓட்டையாகிடும். இப்போதைக்கு விடுவம்.”

விட்டார்கள். பாய்ந்துவிட்டது. போன கிழமையிலிருந்து நெஞ்சு பழையபடி அடிக்கிறது. வருகிற இருபதாந் திகதி மறுபடி போகிறேன். இந்த முறை சரிவருமா என்று கேட்டதற்கு, எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று டொக்டர் கேட்டார். பயமாக இருக்கிறது, தனஞ்சயன்.

அதற்காக நீர் வர வேண்டும் என்றில்லை. பதினொரு வருஷத்துக்கு முதல் எங்கள் வயல்களின் பொது வரம்பை வெட்டி என் தண்ணீரை உமது வயலுக்கு விட்டதையும், வயல் செய்கிற கமக்காரர் கூட்டத்தில் கற்பூரம் அணைத்து இல்லையென்று பொய்ச் சத்தியம் செய்ததையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் மன்னித்துவிட்டேன். அதை அறிவிக்கத்தான் இக்கடிதம்.

கேதீச்சரநாதர் உமக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வைக்கமாட்டார். என் விஷயத்தில் அவர் இன்னும் யோசிக்கிறார்.

இப்படிக்கு,
சிவராசா

பி.கு.: வரம்பை வெட்டினது நான். உமது தண்ணீரை எடுக்கத்தான் வெட்டினேன். நீர் உமது வயலை மட்டப்படுத்தித் தாழ்த்தியிருந்ததைக் கவனிக்கவில்லை. இருந்த என் தண்ணீரும் உமது பக்கம் போய்விட்டது. அந்தக் கோபத்தில் உம்மைக் கள்ளனாக்கினேன். இருபதாந் திகதி வாரும். என்னை உள்ளே கொண்டுபோனதும் கனகத்திடம் இதைச் சொல்லும். நான் வெளியே வந்தால் அவள் ஏசட்டும். வராவிட்டால் அவளுக்குத் தம்பி ஒருவன் இருக்க வேண்டும்.