கியர்பாக்ஸைப் பிடித்த மருமகள் தோஷம்

வெள்ளிக்கிழமை என்றால் தேனி பைபாஸில் டிராஃபிக் நிற்கும். விபத்து ஒன்றும் இல்லை. மந்திரியும் வரவில்லை. விஜயபாண்டியின் வாகன மாளிகையில் ஸ்டியரிங் சித்தர் அருள்வாக்கு சொல்கிறார்.

மாளிகை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகரக் கூரை, முள்கம்பி வேலி, உள்ளே வரிசையாகப் பழைய கார்கள். எல்லாம் ஷாம்பு போட்டுக் குளித்து, பளபளப்புப் பூசிக்கொண்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும். நடுவில் ஒரு மேடை. மேடையில் ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிய சீட். சீட்டில் சித்தர். கழுத்தில் உருத்திராட்சம், கையில் எந்த வண்டியிலும் மாட்டாத ஒரு ஸ்டியரிங். கேள்வி கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சுழற்றுவார். வலப்பக்கம் நின்றால் வண்டியை வாங்கலாம். இடப்பக்கம் நின்றால் பரிகாரம் செய்துவிட்டு வாங்கலாம். "வாங்காமல் வீட்டுக்குப் போ" என்று அந்த ஸ்டியரிங் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

கம்பம், சின்னமனூர், போடி என்று எல்லாப் பக்கமிருந்தும் கூட்டம் வரும். போடி பஜாரிலிருந்து வரும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஜெபம் செய்த எண்ணெய்ப் பாட்டில் தனியாக உண்டு. விஜயபாண்டிக்கு மத வேறுபாடு கிடையாது. எம்மதத்துக் காசும் சம்மதம்.

விற்பனை முடிந்ததும் முக்கியமான சடங்கு ஒன்று நடக்கும். சித்தர் இறங்கி வந்து, பானெட்டின் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டி முடிச்சுப் போடுவார்.

"இது மண்டலக் கட்டு. ஒரு மண்டலத்துக்கு எவனும் பானெட்டத் திறக்கக் கூடாது. அடியில படுத்துப் பாக்கக் கூடாது. மெக்கானிக் நிழல் வண்டி மேல விழுந்தாலும் கட்டு முறிஞ்சிரும்."

விஜயபாண்டி கொடுக்கும் கேரண்டி ஒரு மாதம். கட்டோ ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். கட்டை அவிழ்க்கும்போது கேரண்டி செத்துக் காரியமும் முடிந்திருக்கும் என்பதை நாலாங்கிளாஸ் பிள்ளை கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். அந்தக் கூட்டத்தில் எம்.காம். படித்தவர்கள்கூட நின்றார்கள். அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பண்ணைப்புரத்து மாரிசெல்வம் சந்தைக்குச் சந்தை நைட்டி விற்கிறவன். பைக்கில் மூட்டை கட்டிக்கொண்டு அலைந்து, பாதிச் சரக்கை மழைக்குக் கொடுத்து ஓய்ந்துபோனான். அவன் மனைவி ஹேமாவதிக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கையிலிருந்த வளையல்களைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

"ஒரு பழைய கார் வாங்குங்க. பின் சீட்ட மடிச்சா கடையே உள்ள போயிரும்."

எங்கே வாங்குவது என்பதை மாமியார் மொக்கம்மாள் முடிவு செய்தாள்.

"விஜயபாண்டிகிட்டத்தான் வாங்கணும். அங்கன வண்டியோட சாமி அருளையும் சேத்துக் குடுக்குறாக."

வெள்ளைக் கார் வந்தது. கயிறோடு வந்தது. மூன்று வாரம் வெண்ணெய்போல் ஓடியது. அதன்பின் ஒருநாள் கோம்பை போகும் ஏற்றத்தில் இரண்டாவது கியர் தானாக நழுவ, சரக்கோடு வண்டி பின்னால் உருண்டது. பின்னால் வந்த டிராக்டர்க்காரர் கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பினார். பிறகு இறங்கி வந்து மாரிசெல்வத்தின் ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லி விசாரித்தார்.

மாரிசெல்வம் தாயையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு தேனிக்கு ஓடினான்.

"கயித்த அவுத்தீகளா?" என்றார் விஜயபாண்டி.

"இல்லண்ணே."

"மெக்கானிக்குட்ட காட்டுனீகளா?"

"சாமி காட்டக் கூடாதுன்னு சொன்னாகள்ல."

"கரெக்ட். அப்ப வண்டியில குறை இருக்குன்னு எந்த மெக்கானிக்கும் சொல்லல. குறை வேற எங்கயோ இருக்கு தம்பி."

எப்படி இருக்கிறது நியாயம்? நோயாளியை எந்த டாக்டரும் பார்க்கவில்லை, ஆகவே நோய் இல்லை.

சித்தர் ஸ்டியரிங்கைச் சுழற்றினார். இடப்பக்கம் நின்றது. கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"வீட்டுக்குப் புதுசா வந்த பொம்பள யாரு?"

"எம் மருமகதான் சாமி" என்றாள் மொக்கம்மாள்.

"நட்சத்திரம்?"

"ஆயில்யம்."

"அதான பாத்தேன்! ஆயில்யம் இரும்புக்கு ஆகாது. அவ ஒங்க வீட்டுல இருக்குற வரைக்கும் கியர் நிக்காது. ஒரு மண்டலம் தாய்வீட்டுக்கு அனுப்பு. அப்பவும் நழுவுச்சுன்னா அவள அங்கனயே விட்ரு. இல்லன்னா ஒம் மகன் உசுரு வண்டியோட போயிரும்."

வீட்டில் கடப்பாரை இருந்தது, இரும்புக் கட்டில் இருந்தது, தையல் மிஷின் இருந்தது. எதற்கும் ஆயில்யம் ஆகாமல் போகவில்லை. இரண்டாவது கியருக்கு மட்டும்தான் ஹேமாவதியைக் கண்டால் நடுங்கியது.

"அத்தை, என் வளையலப் போட்டு வாங்குன வண்டி இது. அந்த வளையலுக்குத் தோஷம் இல்லையா?"

"ஏத்தா, எதுத்துப் பேசாத. எனக்கு இருக்குறது ஒத்தப் புள்ள. அவன் ஏத்தத்துல உருண்டு போனா நீயா தருவ?"

மாரிசெல்வம் நல்லவன். நம் ஊரில் அதற்கு, பெண்டாட்டிக்கு அநியாயம் நடக்கும்போது தரையைப் பார்க்கிறவன் என்று அர்த்தம். தரையைப் பார்த்தான். ஹேமாவதி ஆண்டிபட்டிக்கு பஸ் ஏறினாள்.

கியர் நழுவியது.

"அவ பீரோ ஒங்க வீட்டுலதான இருக்கு?" என்றார் சித்தர். சீர்வரிசையாக வந்த பீரோ குட்டி லாரியில் ஆண்டிபட்டிக்குப் போனது.

கியர் நழுவியது.

"ரெண்டு பேரும் போன்ல பேசுறாகளோ? அவ நெனப்பு டவர் வழியா வண்டிக்குள்ள எறங்குது." போன் பேச்சு நின்றது.

கியர் என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கயிற்றின் மண்டலம் முடியப்போகும் நேரத்தில் மாரிசெல்வம் அம்மாவுக்குத் தெரியாமல் ஆண்டிபட்டிக்குக் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். ஏற்றம் இல்லாத பாதையாகத் தேடி வந்தான். வாசலில் நின்றவனை ஹேமாவதி "வாங்க" என்று சொல்லவில்லை.

"ஏங்க, நான் இங்கன இருக்கேன். எம் பீரோ இங்கன இருக்கு. போனும் பேசல. அப்புறம் எதுக்கு நழுவுதாம்?"

"அதான் எனக்கும் புரியல."

"ஒங்களுக்குப் புரிஞ்சிருச்சு. வாயத் திறக்கத்தான் பயம். சரி, ஒரு சோதனை பண்ணிப் பாப்போம். நாம வாங்குறப்ப இந்த வண்டியில ஒரு குறையும் இல்ல. விக்கப் போனா என்ன சொல்றாகன்னு கேப்போம். அதுவும் அவுககிட்டயே."

"விஜயபாண்டிகிட்டயா?"

"பஸ் ஸ்டாண்டு தாண்டி, பழைய கார் வாங்கப்படும்னு ஒரு யார்டு இருக்கு. போர்டுல இருக்குற நம்பர் விஜயபாண்டி நம்பர். பீரோவ அனுப்பச் சொன்னப்ப வேணாம்னு கெஞ்சி அவருக்கு எத்தனை தடவ போன் அடிச்சேன், மறக்குமா?"

விஷயம் இவ்வளவுதான். வாங்குவது ஆண்டிபட்டியில், விற்பது தேனியில். தேனியில் சித்தர் உண்டு. ஆண்டிபட்டியில் சித்தர் கிடையாது. வாங்கும் இடத்தில் அருள்வாக்கை நம்பினால் முதலாளி திவாலாகிவிடுவார் அல்லவா? அங்கே இருப்பது தேனிப் பக்கமே போகாத தவசி என்ற மெக்கானிக்.

தவசி காரைச் சுற்றி வந்தான். கயிற்றைப் பார்த்தான். ஹேமாவதியின் செல் அப்போதே படம் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"அண்ணே, அது சாமிக் கயிறு. அவுக்கலாமா?" என்றாள் ஹேமாவதி பயந்தவள்போல.

"இதுக்கெல்லாம் பயந்தா நான் தொழில் பண்ண முடியுமா? பானெட்டத் திறக்காம வண்டி வாங்குறவன் கேணப்பயதான்ம்மா!"

கட்டிங் பிளேயரால் ஒரே வெட்டு. மண்டலக் கட்டு தரையில் கிடந்தது. இடி இடிக்கவில்லை.

"எங்க அத்தைக்குக் காட்டணும், செல்லுல படம் எடுக்குறேண்ணே, இருக்கட்டுமா?"

"நல்லா எடுத்துக்க. வெல ஏன் கம்மின்னு அப்பத்தான் அவுகளுக்கும் புரியும்."

தவசி காரை ஓட்டிப் பார்த்தான். அடியில் படுத்தான். கியர்பாக்ஸின் திருகாணியைக் கழற்றிக் கொஞ்சம் ஆயிலை உள்ளங்கையில் பிடித்து விரலால் தேய்த்தான்.

"தோஷம் ஏதும் இருக்குமாண்ணே? எங்க வீட்டுல ஆயில்ய நட்சத்திரம் ஒண்ணு இருக்கு."

"தோஷமா? உள்ள மரத்தூள் இருக்கும்மா! இங்க பாரு, கையில ஒட்டுது. கியர் பல்லு தேஞ்சு போச்சு. சத்தம் கேக்கக் கூடாதுன்னு ஆயில்ல மரத்தூளக் கலந்து விட்ருக்காக. ரெண்டு மூணு வாரம் தாங்கும். அப்புறம் நழுவத்தான் செய்யும். ஆயில்யம் என்ன பண்ணும், ஆயில்தான் சரியில்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை. அதே கூட்டம். கடைசிப் பரிகாரம் என்று கூட்டி வந்திருந்த மொக்கம்மாளுக்கு ஒருபக்கம் மகன், மறுபக்கம் மருமகள். மைக்கில் சித்தரின் குரல் பைபாஸ் முழுக்கக் கேட்டது. ஹேமாவதி கும்பிட்டபடி மேடைக்குப் போனாள்.

"சாமி, என் தோஷத்த நானே எல்லாருக்கும் சொல்லிர்றேன். மைக் குடுப்பீகளா?"

விஜயபாண்டிக்கு முகமெல்லாம் பல். ஒரு பெண் தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளி என்று சொல்ல வருகிறாள், இதைவிட நல்ல விளம்பரம் எது? மைக் கைமாறியது. ஹேமாவதி அதன் முன்னால் செல்போனைப் பிடித்தாள்.

"பானெட்டத் திறக்காம வண்டி வாங்குறவன் கேணப்பயதான்ம்மா!" என்று தவசியின் குரல் ஒலிபெருக்கியில் முழங்கியது. கன்னத்தில் போடப் போன கைகள் பாதியில் நின்றன. அடுத்து மரத்தூள் வந்தது. ஆயில் வந்தது.

"எவனோ ஒரு ஆண்டிபட்டிக்காரன் ஒளர்றான்! அவன் யாருன்னே எனக்குத் தெரியாது" என்று கத்தினார் விஜயபாண்டி.

"தெரியாதா? ஆண்டிபட்டின்னு நான் சொல்லவே இல்லையே! அந்தாளு வேலை பாக்குற யார்டு போர்டுல உள்ள நம்பர இப்ப வாசிக்கிறேன். யாராச்சும் அடிங்க."

அவள் வாசித்தாள். கூட்டம் தயங்கியது. அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மாரிசெல்வம் நிமிர்ந்தான். செல்லை எடுத்து ஒவ்வொரு எண்ணாக அமுக்கினான். விஜயபாண்டியின் சட்டைப்பையிலிருந்து விநாயகர் பாட்டு ஒலித்தது.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மொக்கம்மாள் சிரிக்கவில்லை. நேராகச் சித்தர் முன்னால் போய் நின்றாள்.

"ஏன் சாமி, நீங்க வந்த கார் அந்தா நிக்குதே. அதுல கயித்தக் காணமே?"

"அது... அது கம்பெனி ஷோரூம்ல எடுத்த புது வண்டிம்மா. கயிறு கட்டிட்டா சர்வீஸுக்கு விட முடியாது."

பாவம், அவசரத்தில் மனிதர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக உண்மையைச் சொல்லிவிட்டார்.

விஜயபாண்டி கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"உள்ளது உள்ளபடி வாங்கிக்கிட்டேன்னு ஒம் புருசன் கையெழுத்துப் போட்ருக்கான். அதோட இது யாவாரத்துக்கு வாங்குன வண்டி. எந்தச் சட்டமும் ஒனக்குப் பேசாது."

"நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடிச்சுக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன் அண்ணாச்சி. குறைய வேணும்னே மறைச்சு வித்துட்டு, கையெழுத்தக் காட்டித் தப்பிக்க முடியாது. வயித்துப்பாட்டுக்குச் சொந்தமாத் தொழில் பண்றவன் அந்தத் தொழிலுக்கு வாங்குனாலும் நுகர்வோர்தான். மாவட்ட ஆணையத்துல வக்கீல் இல்லாமலே மனுக் குடுக்கலாமாம். அங்கன என் நட்சத்திரத்தக் கேக்க மாட்டாக. ஒங்க ரசீதத்தான் கேப்பாக."

அப்போதுதான் அது நடந்தது. சின்னமனூர்க்காரர் ஒருவர் தன் காருக்கு ஓடிப்போய்க் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். பக்கத்துக்காரர் சாவியால் அறுத்தார். வரிசையாக பானெட்டுகள் திறந்தன. ஒன்றில் பேட்டரியைச் சணல் கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒன்றில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. எல்லாரும் மேடையைத் திரும்பிப் பார்த்தபோது சீட்டில் ஸ்டியரிங் மட்டும் இருந்தது. சித்தருடைய புது வண்டி நல்ல வண்டி. சாவியின் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆகியிருந்தது.

ஹேமாவதி மனுக் கொடுத்தாள். தவசி பேசிய படமும் சேர்ந்து போனது. ஆணையத்தின் நோட்டீஸ் கைக்கு வந்ததும் விஜயபாண்டியே பண்ணைப்புரத்துக்கு வந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு, வாங்கிய பணத்தையும் அலைச்சலுக்கு நஷ்டஈட்டையும் வைத்துவிட்டுப் போனார். மற்றவர்களின் மனுக்கள் வரிசையில் நிற்கின்றன.

மொக்கம்மாள் மகனோடு ஆண்டிபட்டிக்குப் போனாள்.

"வீட்டுக்கு வா ஆத்தா."

"நான் வர்றேன் அத்தை. ஆனா நாளைக்கு நம்ம வீட்டு மோட்டார் நின்னா?"

"எலெக்ட்ரீசியனக் கூப்புடுவேன்."

"இவுகளுக்குக் காய்ச்சல் வந்தா?"

"டாக்டரத்தான்."

"நீங்க பேசாம நிக்கிறீக?" என்று புருஷனைப் பார்த்தாள்.

"இனிமே பேசுவேன்" என்றான் மாரிசெல்வம். பீரோவின் ஒரு பக்கத்தைத் தூக்கினான்.

நல்ல முடிவு என்று நீங்கள் மூச்சு விடலாம். நான் விடவில்லை. கம்பம் பக்கம் ஒரு யார்டில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறாராம், கையில் சைலன்சர் வைத்திருக்கிறாராம், கூட்டம் சேர்கிறதாம். போகிறவர்கள் போங்கள். ஆனால் அடுத்த முறை உங்கள் வீட்டில் மிக்ஸி எரிந்தாலும், கார் நின்றாலும், மருமகளின் நட்சத்திரத்தைத் தேடாதீர்கள். விற்றவனின் விலாசத்தைத் தேடுங்கள். உங்கள் மூளையின் பானெட்டில் யாரும் கயிறு கட்டவில்லை. கொஞ்சம் திறந்துதான் பாருங்களேன்.