கோந்து அண்ணாத்தேயும் கைவிடாத கபடி டீமும்

இந்தப் பூமியில் ஒரு டீயைக்கூடத் தனியாகக் குடித்தறியாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் ஆவடி சேக்காட்டு கோந்து அண்ணாத்தேதான். எங்கள் கபடி டீமின் கேப்டன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் சம்சாரமே யோசித்துத்தான் சொல்வார். எதிராளியைப் பிடித்தால் விட மாட்டார், அதனால் கோந்து என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாவம், அவர்களுக்கு விஷயம் தெரியாது. அவர் விடாமல் பிடித்துவைத்திருந்தது எங்களைத்தான்.

"டீமுன்னா ஒரே ஒடம்புடா. கை நீட்னா கையப் புடி. ஏன், எதுக்குன்னு கேக்காத!" இதுதான் அவருடைய வேதம். பாடி வருகிறவனைச் சங்கிலி போட்டு மடக்க இது நல்ல பாடம். ஆனால் அண்ணாத்தே இதைக் கபடிக் கோர்ட்டோடு நிறுத்தவில்லையே! ஆவடி மெயின் ரோட்டைக்கூட நாங்கள் கைகோத்துத்தான் கடக்க வேண்டும். மீசை வைத்த தடியர்கள் வரிசையாகக் கைபிடித்துப் போவதைப் பார்த்து, "இன்னாப்பா, எல்.கே.ஜி. பசங்களா?" என்று பஸ் டிரைவர்கள் தலையை நீட்டிக் கேட்பார்கள். ஒருவனுக்கு வயிறு சரியில்லை என்றால் மொத்த டீமுக்கும் மோர் சாதம். கோர்ட்டில் ஒரு நாளும் இறக்கப்படாத மாற்று ஆட்டக்காரனான எனக்கும் மோர் சாதம் மட்டும் தவறாமல் வந்துவிடும்.

கார்னரில் ஆடுகிற பாபுவுக்குச் சென்னீர்குப்பத்தில் பெண் பார்க்கப் போனோம். எல்லோரும் ஒரே நிற ஜெர்சி. சோபாவில் நாலு பேர், கீழே பாயில் மீதிப் பேர். பெண்ணின் அப்பா மிரண்டுபோய், "இதுல மாப்ள யாருங்க?" என்றார்.

"மொதல்ல டீம புடிச்சிருக்கான்னு சொல்லு நைனா. ஆள அப்பால சொல்றோம்" என்றார் அண்ணாத்தே.

காபி வரவில்லை. பாபு இன்னும் பிரம்மச்சாரிதான்.

கிண்டல் செய்கிறேனே தவிர, ஆட்டம் என்று வந்துவிட்டால் எங்கள் பசங்களை அசைக்க முடியாது. ஒருவன் கண் ஜாடை காட்ட வேண்டாம், மூச்சு விடுகிற சத்தத்திலேயே அடுத்தவனுக்கு விஷயம் போய்விடும். திருமழிசை, குத்தம்பாக்கம் என்று போன இடமெல்லாம் கப்பைத் தூக்கிக்கொண்டுதான் திரும்புவார்கள். கப்பையும் எல்லோரும் சேர்ந்துதான் தூக்குவார்கள். கப் என்னவோ தண்ணீர் டம்ளர் அளவுதான் இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், பெரிய லீக்கில் ஆடுகிற ஓர் அணி பூந்தமல்லிப் பக்கம் ஆள் எடுக்க வந்தது. எங்கள் ரெய்டர் தினாவுக்கு மட்டும் அழைப்பு. அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. தேறாவிட்டால் கபடியை மூட்டை கட்டிவிட்டு, அப்பா பார்த்துவைத்த கம்பெனி வேலைக்குப் போவதாக வீட்டில் சத்தியம் செய்து கொடுத்திருந்தான்.

"தனியா அனுப்ச்சா புள்ள பயந்துகினு நிப்பான்டா" என்று அண்ணாத்தே மொத்த டீமையும் ஷேர் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அங்கே போனால், தினாவுக்கு எதிரே நின்று ஆட வேண்டியவர்கள் வந்து சேரவில்லை. ஆள் எடுக்க வந்தவர் வெள்ளைத் தொப்பி போட்ட கறாரான மனிதர். எங்கள் ஜெர்சியைப் பார்த்தார். "நீங்களும் ஆடறவங்கதானே? எறங்கி நில்லுங்க. இவன் மூணு ரெய்டு போகட்டும், பாக்கறேன்" என்றார். ஏழு பேர் நிற்க வேண்டுமே! வேறு வழியில்லாமல் என்னையும் இறக்கினார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் ஆட்டம், அதுவும் தினாவுக்கு எதிராக!

அண்ணாத்தே எங்களை வளைத்து நிறுத்திக் கிசுகிசுத்தார். "யாரும் புள்ளயப் புடிக்கக் கூடாது. அவன் பாஸாவணும். இன்னா, புரிஞ்சுதா?"

முதல் ரெய்டு. தினா நடுக்கோட்டைத் தாண்டியதுமே பாபு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே நடந்தான்.

"யோவ், எங்க போற? அவன் உன்னத் தொடவே இல்லியே!" என்று தொப்பிக்காரர் கத்தினார்.

"தொட்ருவான் சார். எங்களுக்குத் தெரியும்" என்றான் பாபு.

அண்ணாத்தேயோ, தினா பக்கத்தில் வருவதற்குள் மார்பைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து விழுந்தார். நான் விழுவதற்குத் தோதான இடம் தேடிக்கொண்டிருந்தேன். "என்னய்யா, நாடகம் போடறீங்களா? அடுத்த ஆளைக் கூப்புடு!" என்று தொப்பிக்காரர் எழுந்துவிட்டார்.

தினாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், சார், இன்னும் ரெண்டு கீது சார்!" என்று அவரிடம் கெஞ்சினான். பிறகு எங்கள் பக்கம் திரும்பினான். "அண்ணாத்தே, உன் கால்ல உய்ந்து கேக்கறேன், என்னப் புடி! நீ புடிச்சாத்தான் நான் ஆடறதே தெரியும்!"

அண்ணாத்தே எழுந்து முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டார். முகம் செத்துப்போயிருந்தது. "சரி. அடிபட்டா என்னக் கேக்காத" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது ரெய்டில் வேறு வினை வந்தது. ஒன்றாகத் தின்று ஒன்றாகத் தூங்கிய எங்களுக்குத் தினாவின் வித்தையெல்லாம் தலைகீழ்ப் பாடம். இடது தோள் இறங்கினால் வலது பக்கம் பாய்வான், உதட்டைக் கடித்தால் உதைப்பான். அவன் போய்ச் சேர வேண்டிய இடத்தில் நாங்கள் முன்கூட்டியே போய் நின்றோம். அரிசி மூட்டை மாதிரி அமுக்கிவிட்டோம். பிடிக்காவிட்டாலும் பையன் கெட்டான், பிடித்தாலும் கெட்டான். தொப்பிக்காரர் கொட்டாவி விட்டார்.

மூன்றாவது ரெய்டு. தினா எந்த வித்தையும் காட்டவில்லை. பாடிக்கொண்டே நேராக அண்ணாத்தே முன்னால் வந்தான். கையை நீட்டினான்.

அண்ணாத்தே லபக்கென்று அந்தக் கையைப் பிடித்தார். மறு கையைப் பக்கத்தில் நீட்டினார், பாபு பிடித்தான். ஏன், எதுக்கு என்று கேட்காமல் நான் வரைக்கும் ஏழு பேரும் கைகோத்து, ரோடு கடக்கத் தயாராக நின்றோம். அவன் இடுப்பையோ காலையோ பிடிக்க வேண்டும் என்று ஒரு ஜென்மத்துக்கும் தோன்றவில்லை. தினா திரும்பி ஓர் இழுப்பு இழுத்தான் பாருங்கள்! வரிசை மொத்தமும் தடதடவென்று சரிந்தது. அவனைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று அப்போதுதான் ஞாபகம் வந்து அண்ணாத்தே குதிகாலை ஊன்றினார். தினா மண்ணில் விழுந்தான், ஊர்ந்தான், எங்களையும் இழுத்துக்கொண்டு விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான்.

தொப்பிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மூளையும் இருக்கு, காலும் இருக்கு. எடுத்துக்கறேன்யா!"

அண்ணாத்தே அப்போதும் தினாவின் கையை விடவில்லை. "எடுத்துக்கிட்டேன்னு சொல்றேன்ல, பையன விடுய்யா!" என்று தொப்பிக்காரரே வந்து விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

இப்போது தினா வடக்கே ஓர் அணிக்கு ஆடுகிறான். போன வாரம் டிவியில் அவனுடைய அணிக்கும் நம் ஊர் அணிக்கும் ஆட்டம். அண்ணாத்தே வீட்டில்தான் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். தெருவே நம் ஊர் அணிக்கு விசில் அடித்துக்கொண்டிருந்தது. தினா ரெய்டு போனான். நாலு பேர் பாய்ந்து அவனை அமுக்கினார்கள். தெருவில் ஒரே கைதட்டல். அண்ணாத்தே துள்ளி எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "டேய், பாத்துப் புடிங்கடா! புள்ளைக்கு எடது முட்டில வலி கீதுடா!" என்று கத்தினார்.

தினா எழுந்து, நொண்டாமல் நடந்து போகிற வரைக்கும் அவர் உட்காரவில்லை. டிவிக்குள் இருப்பவர்களுக்கு அது கேட்காது என்று சொல்ல எங்களில் ஒருவனுக்கும் மனசு வரவில்லை.